பாளையக்காட்டுச் சாரம்: எந்த ஊர்ச் சரக்கு?

பிப்ரவரி 3, 2019 – கேள்வி

கைலிக் கட்டில் ஒட்டியிருக்கும் தாளில் 'பாலயகாட்' என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் பாளையக்காடு என்கிறார். என் மாமனார் பாளையங்கோட்டை என்று அடித்துச் சொல்கிறார், அவருக்குச் சொந்த ஊர்ப் பாசம். எனக்கென்னவோ பாலக்காடு என்றுதான் படுகிறது, கேரளாவில் கைலி கட்டாத ஆள் இருக்கிறாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு – பதில்

பாலக்காடும் இல்லை, பாளையங்கோட்டையும் இல்லை. பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி, ஏரியும் கடலும் சேருகிற இடத்தில் இருக்கிறதே, அந்த ஊர். இங்கிலீஷ்காரன் புலிகாட் என்று எழுதினான், டச்சுக்காரன் பலியகட்டா என்று எழுதினான். துணி கப்பலேறிப் போன இடத்தில் ஊர்ப்பெயரே துணிப்பெயர் ஆகிவிட்டது.

நானும் பத்து வருடம் பாலக்காடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் வெட்கப்பட வேண்டாம். உங்கள் மாமனாரிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4

எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான்.

பினாங்கில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். போன புதிதில் ஒரு துணிக்கடைப் பலகையில் 'காயின் பெலிக்காட்' என்று கண்டேன். காயின் என்றால் மலாயில் துணி. உள்ளே போனால் அடுக்கி வைத்திருப்பது அத்தனையும் கட்டம் போட்ட சாரம். எங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிற அதே சாரம், அதே ஊதா, அதே பச்சை, அதே கஞ்சி வாசனை. கடைக்கார அம்மாவிடம் பெலிக்காட் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் உள்ளங்கையால் மேசையைத் தட்டி, 'லெகாட்' என்றார். லெகாட் என்றால் ஒட்டுவது. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துணி, அதனால் பெலிக்காட். கேட்கிறதுக்கு அழகாகத்தான் இருந்தது. ஒரு மாதம் அதையே நம்பினேன்.

அப்புறம் அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒரு மலாய்ப் பெரியவர் சிரித்துவிட்டு, 'அது உங்க ஊர்ப் பேரு, எங்களிடம் அர்த்தம் கேட்கிறாயே' என்றார். புலிகாட் என்றும் சொன்னார். எனக்கு அப்போது பழவேற்காடு என்றால் இறால், பறவை, அவ்வளவுதான். தூத்துக்குடிக்காரனுக்கு அது எந்தத் திசை என்றே தெரியாது.

மலாய்க்காரர்கள் வீட்டில் கட்டுவதும் அதுதான், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பலர் கட்டிப் போவதும் அதுதான். இந்தோனேசியாவில் சாருங் பலேகாட் என்கிறார்கள்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

மேலே 'சாரம்' என்று எழுதியதற்கு ஒருவர் கேலி செய்திருக்கிறார், கட்டடத்துக்குக் கட்டுவதுதானே சாரம் என்று. ஆமாம், எங்கள் ஊரில் அதையும் கட்டுவோம், இதையும் கட்டுவோம். மேஸ்திரி சாரம் கட்டிக்கொண்டு சாரம் கட்டுவார். தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி, அப்புறம் இலங்கை முழுக்கச் சாரம்தான். மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் கைலி. சென்னையில் லுங்கி. காலேஜ் ஹாஸ்டலில் முதல் சண்டையே எனக்கு இதில்தான் வந்தது.

லுங்கி பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த சொல். சாரம் மலாய்ச் சொல்: சாருங். அதற்கு உறை என்று பொருள். வாள் உறையையும் அங்கே சாருங் என்றுதான் சொல்வார்கள். மூட்டின துணி உடம்புக்கு உறை மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். கைலியைக் கயிலி என்று எழுதிக் கயிலாயத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு, அந்த வம்புக்கு நான் வரவில்லை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். உடுப்புக்கு அவர்களுடைய சொல்லை நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். துணிக்கு நம்முடைய ஊர்ப்பெயரை அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கப்பல், கடை, பெட்டி மூன்றும் மலாயில் அப்படியே இருக்கின்றன: கப்பால், கெடாய், பெத்தி. வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்?

பிப்ரவரி 6

டச்சுக்காரர்கள் பற்றிக் கேட்டவருக்கு.

அவர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம், 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை. வந்தது துணிக்காக என்றால் பாதி உண்மை. அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அது விளைகிற தீவுகளில் வெள்ளிக்காசை நீட்டினால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள், சோழமண்டலத் துணியை விரித்தால் கிராம்பு மூட்டை வெளியே வரும். அதனால் ஐரோப்பாவிலிருந்து காசைக் கொண்டுவந்து இங்கே துணியாக மாற்றி, அங்கே அதை மசாலாவாக மாற்றினார்கள். துணியே நாணயம். அந்த நாணயத்தில் அடித்த முத்திரை பழவேற்காடு.

ஆக, மலாய் உலகத்துக்கு இந்தப் பெயரைக் கொண்டுபோனது டச்சுக்காரர்கள்தான்.

பிப்ரவரி 7

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பலியகாத்தே என்று இந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கே ஏராளமாகக் கிடைக்கிற அச்சடித்த பருத்தித் துணிக்கு மலாக்கா, பர்மாவின் பெகு, சுமத்ரா மூன்றிலும் நல்ல விலை என்கிறார். டச்சுக்காரன் கோட்டைக்குக் கல் எடுத்து வைப்பதற்குச் சுமார் நூறு வருடம் முன்னால். அதாவது துணி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது, அதைக் கொண்டுபோனவர்கள் தமிழ் வியாபாரிகளும் தெலுங்கு வியாபாரிகளும் முஸ்லிம் வியாபாரிகளும். டச்சுக்காரன் ஓடுகிற பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தவன்.

வரலாற்றை எழுதும்போது யார் கோட்டை கட்டினானோ அவன் பெயரை முதலில் போட்டுவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். கோட்டை இடிந்தாலும் கண்ணுக்குத் தெரியும், தோணிக்கு என்ன சாட்சி?

இன்னொன்று. பார்போசா சொல்வது அச்சடித்த துணி, கட்டம் போட்டதல்ல. பழவேற்காடு என்ற பெயர் ஆரம்பத்தில் ஒரு டிசைனுக்கு உரியதாக இருந்திருக்காது, அந்தத் துறைமுகத்துச் சரக்கு எல்லாவற்றுக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கும், பிற்பாடு கட்டத்தில் போய் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். இது என் ஊகம், அடிக்க வராதீர்கள்.

பிப்ரவரி 7, இரவு

பழவேற்காடு எப்படிப் பலியகட்டா ஆகும் என்று இலக்கணக்காரர் ஒருவர் மடக்கியிருக்கிறார். ஐயா, ழகரத்தை நம்மவர்களே பாதிப் பேர் சொல்வதில்லை, லிஸ்பனிலிருந்து வந்தவன் சொல்வானா? பழ என்பது பல ஆகும், வடசென்னை வாயில் பய ஆகும். நடுவில் இருக்கிற 'வேற்' வேகமாகச் சொன்னால் காணாமல் போகும். பழைய வேலங்காடு என்பதுதான் ஊர்ப்பெயரின் பொருள் என்பார்கள். வேல மரம் போச்சு, காடு மட்டும் காட் ஆகி மலாக்கா வரை போயிருக்கிறது.

பிப்ரவரி 9

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: அவர் தாத்தா கல்யாண வீட்டுக்கு மட்டும் பெட்டியிலிருந்து ஒரு 'பளயகாட் சாரம்' எடுப்பாராம், மற்ற நாளெல்லாம் சாதாரணச் சாரம். நல்ல தகவல். பெயர் அங்கே தரத்தைக் குறிக்கிறது, ஊரை இல்லை. நம் கடைகளிலும் அப்படித்தான், 'பாலயகாட் இருக்கு, சாதா இருக்கு, எது வேணும்?'

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அப்பாவுக்கு வேலைக்குப் போகும்போது வேட்டி, வந்ததும் சாரம். ஆனால் யாராவது பெண் பார்க்கவோ துக்கம் விசாரிக்கவோ வந்தால் ஆச்சி உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பாள்: 'ஏல, சாரத்த மாத்திட்டு வரச்சொல்லு அவன.' நல்ல சாரம் ஒன்று தனியாக இருக்கும், அதற்கும் வேட்டிக்கும் நடுவில் ஒரு மரியாதை.

பிப்ரவரி 10

ஒரு சின்ன ஆச்சரியம். மலாய்ச் சாரத்தில் ஒரு சாண் அகலத்துக்கோ கொஞ்சம் கூடவோ வேறு மாதிரிக் கட்டம் வரும் பட்டை ஒன்று இருக்கும். அதற்குக் கெபாலா என்று பெயர். கெபாலா என்றால் தலை. நாம் தலைப்பு என்கிறோமே, அதேதான். ஆம்பிளைகள் கட்டும்போது அது பின்பக்கம் வர வேண்டும் என்பது அந்தப் பெரியவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். நான் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு பெருநாள் விருந்துக்குப் போய், வீட்டுக்காரர் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பிப்ரவரி 13

'அப்படியானால் பழவேற்காட்டில் இப்போதும் நெய்கிறார்களா?' என்று முதலில் கேள்வி கேட்டவரே கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பிப்ரவரி 17

போய் வந்தேன். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ்.

தறிச் சத்தம் கேட்கவில்லை. மீன், நண்டு, இறால். முஸ்லிம் பெண்கள் பின்னுகிற பனையோலைக் கூடைகள் ரொம்ப நேர்த்தி, இரண்டு வாங்கினேன். கெல்ட்ரியா கோட்டை என்று காட்டிய இடத்தில் முள்செடியும் மேடும்தான். டச்சுக் கல்லறை மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் ஒழுங்காக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெயிலில் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஜாரில் ஒரு ஜவுளிக்கடை. 'பழவேற்காட்டுக் கைலி இருக்கா?' என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். 'பாலயகாட்' என்று சொன்னதும் முகம் மலர்ந்து, ஒரு கட்டை எடுத்துப் போட்டார். 'இது மலேசியா மாடல் சார், நல்லா போகும்.' எங்கே நெய்தது என்றேன். ஈரோட்டு விசைத்தறி.

அவரிடம் இதே ஊர்ப்பெயர்தான் அது என்று விளக்கினேன். 'அப்படியா' என்று சொல்லிவிட்டு, 'ரெண்டா மூணா?' என்றார். இரண்டு வாங்கினேன்.

பிப்ரவரி 18

பஸ்ஸில் வரும்போது தோன்றியது. இந்த ஊரில் எப்போதாவது பெரிய அளவில் நெய்திருப்பார்களா என்ற கேள்வியே தவறு. துறைமுகத்தில் யார் நெய்வான்? உள்நாட்டு ஊர்களில் நெய்து, வண்டியில் வந்து, இங்கே கப்பலேறும். வாங்குகிறவன் கப்பல் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பான், எந்தத் தெருவில் எந்தச் செங்குந்தர் வீட்டில் பாவு ஓடியது என்று கேட்க மாட்டான். நெய்தவன் ஊர் எதுவும் துணியில் ஒட்டவில்லை.

காலிகோ என்ற பருத்தித் துணியின் பேரே கோழிக்கோட்டிலிருந்து வந்தது, அது மிளகுத் துறைமுகம். மஸ்லின் என்ற பெயர் ஈராக்கில் இருக்கிற மோசுலிலிருந்து, ஆனால் உலகம் மயங்கியது டாக்கா மஸ்லினுக்கு. டங்கரி என்ற முரட்டுத் துணியின் பெயர் மும்பையின் டோங்ரி. மெட்ராஸ் என்றே ஒரு கட்டத்துணிக்கு உலகம் முழுக்கப் பெயர், மெட்ராஸில் நெய்தது எவ்வளவு இருக்கும்? குறிஞ்சிப்பாடியும் குடியாத்தமும் இத்தனை வருடமாகக் கைலி நெய்கின்றன. குறிஞ்சிப்பாடி என்று உலகத்தில் எந்த மொழியிலாவது ஒரு துணிக்குப் பெயர் இருக்கிறதா?

கொஞ்சம் சூடாகிவிட்டேன், மன்னிக்கவும்.

பிப்ரவரி 19

மெட்ராஸ் என்றதும் கைக்குட்டை ஞாபகம். 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று ஒரு சரக்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நம் ஊர்க் கைக்குட்டையை ஆப்பிரிக்காவில் மூக்குத் துடைக்க வாங்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பிப்ரவரி 19, அரை மணி கழித்து

மூக்குத் துடைக்க இல்லையாம். ருமால் என்று நெசவாளர்கள் சொல்வது முப்பத்தாறு அங்குலச் சதுரம். தலையில் கட்டலாம், தோளில் போடலாம், சேர்த்து இடுப்பில் உடுத்தலாம். நைஜீரியாவில் நைஜர் ஆற்று முகத்துவாரத்துக் கலபாரி மக்கள் இதை இஞ்சிரி என்கிறார்கள். அவர்களுக்கு இது பிறப்பு, இறப்பு எல்லாவற்றுக்குமான துணி. அதோடு விடவில்லை, நெய்து வந்த கட்டத்திலிருந்து சில இழைகளை மட்டும் பார்த்துப் பார்த்துக் கத்தியால் அறுத்து உருவி, புதிதாக ஒரு டிசைன் கொண்டுவருகிறார்கள். இங்கே ஒருவன் பாடுபட்டுக் கோர்த்த இழையை அங்கே ஒருத்தி பாடுபட்டு உருவுகிறாள். இரண்டும் கைவேலைதான். நைஜீரியாவிலேயே ஜார்ஜ் என்றும் ஒரு துணி உண்டு, செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயர்தான் அது என்பார்கள். ஆக, கோட்டைக்கும் துணியில் இடம் கிடைத்திருக்கிறது.

கரீபியன் கடலின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் மெட்ராஸ் கட்டத்துணியைத் தலையில் கட்டும்போது முனைகளை மேலே நிமிர்த்தி வைப்பார்கள். ஒரு முனை என்றால் மனசு காலி. இரண்டு என்றால் ஆள் இருக்கிறது. மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது. நான்கு என்றால் யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். நம்மூரில் கைலியை மடித்துக் கட்டினால் சண்டைக்கு, இறக்கிவிட்டால் மரியாதைக்கு என்று இரண்டே சைகை. நாம் இன்னும் வளர வேண்டும்.

பிப்ரவரி 22

பழவேற்காட்டில் வாங்கிய இரண்டில் ஒன்றை நனைத்தேன். பக்கெட் முழுக்க ஊதா. கூடப் போட்ட பனியன் இரண்டும் போச்சு. வீட்டில் நடந்ததை எழுதவில்லை.

ஆறுதலுக்கு ஒரு கதை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்கு மெட்ராஸ் கட்டத்துணி போய், சட்டையாகத் தைத்து விற்றார்கள். துவைத்தால் சாயம் ஓடுகிறது. ஏகப்பட்ட புகார். விற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாயம் ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்து விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவையிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, உங்களிடம் இருப்பது மாதிரி இன்னொருவரிடம் இருக்காது என்று. கூட்டம் அலைமோதியது. 'பிளீடிங் மெட்ராஸ்' என்று அதற்குப் பெயர், ரத்தம் கசிகிற மெட்ராஸ். இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். பனியன் விஷயத்தில் எடுபடவில்லை.

பிப்ரவரி 23

ஒரு நண்பர் கேட்டது சரியான கேள்வி: அப்படிச் சாயம் ஓடுகிற துணியையா முன்னூறு வருடம் மலாக்காவில் வாங்கினார்கள்?

இல்லை. சோழமண்டலத் துணியின் பெயரே அதன் சிவப்பில்தான் இருந்தது. சாயவேர் என்று ஒரு சின்னச் செடி, இம்பூறல் என்றும் சொல்வார்கள், கடற்கரை மணலில் வளரும். அதன் வேரிலிருந்து எடுக்கிற சிவப்பு, படிகாரம் சேர்த்துப் பதமாக ஏற்றினால் துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று வரும், ஓடாது. ஐரோப்பாவில் அப்போது பருத்தியில் அந்த மாதிரி நிலைத்த சிவப்பை ஏற்ற அவர்களுக்குக் கைவரவில்லை. நம் ஆட்கள் ரகசியம் வைத்திருந்தது தறியில் இல்லை, சாயத் தொட்டியில்.

அமெரிக்காவுக்குப் போனது வேறு காலம், வேறு சாயம். நான் இரண்டையும் ஒரே பக்கெட்டில் போட்டுவிட்டேன்.

மார்ச் 2

முதலில் கேள்வி கேட்டவர் மாமனாரிடம் சொல்லிவிட்டாராம். 'பழவேற்காடா? அங்க என்ன இருக்கு, கருவாடு' என்று முடித்துக்கொண்டாராம். பாளையங்கோட்டை வாழ்க.

மார்ச் 9

ஊருக்கு வந்திருக்கிறேன். சாயம் ஓடாத இன்னொரு சாரத்தை அப்பாவுக்குக் கொண்டுவந்தேன். ஓடாது என்று எப்படித் தெரியும் என்றால், நனைக்கவில்லை, அதனால்தான். மூட்டாத சாரம். தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து மூட்டி வாங்கினேன், அவர் காசு வாங்கவில்லை, அப்பாவின் சிநேகிதர்.

இரவு சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழவேற்காடு, மலாக்கா, கிராம்பு, கெபாலா, எலும்புக்கூடு. கையில் சாரத்தை வைத்து விரலால் கட்டத்தைத் தடவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

'அதெல்லாம் இருக்கட்டும்ல. சாயம் போவுமா போவாதா, அதச் சொல்லு.'

போகும் என்றேன். முதல் தடவை தனியாகத் துவைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.